611 பேர் 397 ஆன இரவு: வாடிக்கையாளர் பதிவுகளை டெர்மினலில் இருந்து சரிசெய்த அனுபவம்

வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் எங்கள் சிஆர்எம் மென்பொருளில் 38,147 பதிவுகள் இருந்தன. அதில் ஒரே ஆள் இரண்டு பேராக, மூன்று பேராகக் கிடக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் கை வைக்கவில்லை. திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து இணைக்க உட்கார்ந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். நிரல் வழியாகப் பதிவுகளை எடுக்கவும் மாற்றவும் ஏபிஐ இருக்கிறது, கட்டளைகளைத் தட்டச்சு செய்ய டெர்மினல் இருக்கிறது, நான் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாளில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று வாரம் ஓடியது. அதில் பாதிக்கு மேல் பாதுகாப்புக்காகவே போனது, அதில் ஒரு மணி நேரத்தைக்கூட வீண் என்று சொல்ல மாட்டேன்.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். ஏபிஐயிடம் கேட்டுப் பதில் வாங்கும் கர்ல் கட்டளையிலேயே டோக்கனை, அதாவது உள்ளே நுழையும் ரகசியச் சாவியை, ஒட்டி ஓட்டினேன், அதுவும் நாலைந்து பேர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரில். கொஞ்ச நேரத்தில் கூட வேலை செய்யும் பெண் வந்து, "அண்ணா, உங்க டோக்கன் முழுசா என் ஸ்கிரீன்ல தெரியுது" என்றார். அவர் எதையும் தோண்டிப் பார்க்கவில்லை, சர்வர் ஏன் மெதுவாக இருக்கிறது என்று ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை அடித்திருக்கிறார், அவ்வளவுதான். லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கட்டளையோடு கொடுத்த எல்லாமே, தனியாக மறைத்து வைக்காத வரை, அதே இயந்திரத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் தெரியும். கட்டளைக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டு அடித்தால் அடித்த கட்டளைகளின் பட்டியலான ஹிஸ்டரியில் பதியாது என்று ஒரு வழக்கம் உண்டு, டெர்மினலில் கட்டளைகளை ஏற்கும் பாஷில் அதற்கான அமைப்பைப் போட்டிருந்தால் அது உண்மைதான், ஆனால் பிஎஸ் பார்ப்பவரிடமிருந்து அது காப்பாற்றாது.

உடனே அந்த டோக்கனை ரத்து செய்தேன். யாரும் நகல் எடுத்திருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையை இந்த இடத்தில் வைத்துக்கொள்ளவே கூடாது. புதிய டோக்கனை ஒரு கோப்பில் போட்டு, நான் மட்டும் படிக்கும்படி சிஎச்மாட் 600 கொடுத்தேன். கோரிக்கையோடு டோக்கன் போவது ஹெட்டர் என்ற தலைப்பு வரியில்; கர்லுக்கு அந்த ஹெட்டரைக் கொடுக்கும் இடத்தில் @ குறி போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும், 2017-ல் வந்த 7.55 பதிப்பு முதல் இந்த வசதி இருக்கிறது. இப்போது பிஎஸ்ஸில் கோப்பின் பெயர் மட்டும்தான் தெரியும். அப்புறம் படிப்பதற்கு மட்டும் உரிமையுள்ள டோக்கனை வைத்தே மூன்று வாரமும் வேலை செய்தேன். எழுதும் உரிமையுள்ள டோக்கனைக் கடைசி நாள் மாலைதான் உருவாக்கினேன். கை தவறி ஏதாவது அடித்தாலும் சர்வரே மறுத்துவிடும் என்று தெரிந்தால் எவ்வளவு நிம்மதியாக வேலை செய்ய முடிகிறது என்பதை அனுபவித்தால்தான் புரியும்.

அடுத்தது பேக்கப். இதை எழுதும்போது இன்னும் கொஞ்சம் படபடப்பாகத்தான் இருக்கிறது. உருவாகும் கோப்புகளை மற்றவர்கள் படிக்க முடியாதபடி யூமாஸ்க் 077 போட்டு, ஏபிஐயிலிருந்து பக்கத்துக்கு 100 பதிவாக இறக்கி, வட்டில் எங்கும் வெறும் கோப்பாக இறங்காமல் ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப் வழியாக, குறியாக்கம் செய்யும் ஜிபிஜிக்குள் நேராக அனுப்பிப் பூட்டினேன். கட்டளை சத்தமில்லாமல் முடிந்தது, பிழை எதுவும் இல்லை, கோப்பும் பெரிதாகவே இருந்தது. சரி, பேக்கப் ஆயிற்று என்று அடுத்த வேலைக்குப் போயிருப்பேன். ஆனால் திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது என்று கிட்லேப் நிறுவனத்தின் சம்பவத்தைப் படித்த நாள் முதல் மனதில் பதிந்திருந்தது. 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். பிறகு பார்த்தால், வைத்திருந்த பேக்கப் வழிகளில் நம்பியபடி வேலை செய்தது எதுவும் இல்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல் இருந்ததால், அந்த ஆறு மணி நேரத்துத் தரவோடு இழப்பு நின்றது. அவர்களே இதை ஒளிக்காமல் எழுதி வைத்தார்கள், அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்குத் தெரிகிறது.

அதனால் வேறொரு இயந்திரத்தில் பேக்கப்பைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். 21,200 பதிவுகள். மீதி கிட்டத்தட்ட 17,000 பேரைக் காணோம்.

காரணத்தைத் தேட ஒரு மதியம் போனது. 213-வது பக்கம் கேட்டபோது சிஆர்எம்மின் சர்வர் ஏதோ பிழைச் செய்தி அனுப்பியிருக்கிறது. கர்லைப் பொறுத்தவரை பதில் வந்துவிட்டால் வெற்றிதான், பிழைப் பதிலைத் தோல்வியாகக் கருது என்று நாம்தான் ஃபெயில் என்ற சுவிட்சைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிழைச் செய்தியில் அடுத்த பக்கத்துக்கான குறியீடு இருக்காதே, பதிலிலிருந்து வேண்டியதை எடுத்துத் தரும் ஜேக்யூ அதைத் தேடி இல்லை என்று சொல்ல, பக்கம் பக்கமாகக் கேட்கும் என் லூப் அதைக் கடைசிப் பக்கம் என்று எடுத்துக்கொண்டது. ஜிபிஜி தனக்கு வந்ததைப் பூட்டிவிட்டு முடிந்தது என்றது. இதில் ஒவ்வொரு கருவியும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, ஆனால் கிட்டத்தட்ட பாதி வாடிக்கையாளர் இல்லாத பேக்கப் கையில் இருந்தது. ஃபெயில் சுவிட்ச் போட்டு, கர்ல் தோற்றால் லூப்பும் தோல்வியோடு நிற்கும்படி மாற்றினேன். பைப்பில் எந்தப் பகுதி தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று கணக்கில் எடுக்கும் பைப்ஃபெயில் அமைப்பையும் வைத்தேன். இதெல்லாம் போக, இறக்கிய எண்ணிக்கையும் சிஆர்எம் சொல்லும் மொத்த எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்படி செய்தேன். இந்தக் கடைசிச் சோதனை ஒன்று இருந்திருந்தாலே முதல் முறையே மாட்டியிருக்கும்.

வேலை செய்வதற்கு, பத்திகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாக மாற்றியபோது இன்னொரு குழப்பம். வரிகளை எண்ணினால் பதிவுகளைவிட நாலாயிரம் அதிகம். குறிப்புகள் என்ற பத்தியில் விற்பனைப் பிரிவினர் எண்டர் தட்டித் தட்டி எழுதியிருந்தார்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் வரை ஒரு புலத்துக்குள் புது வரி வரலாம், சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும், 2005-ல் வந்த ஆர்எஃப்சி 4180 ஆவணம் அதை அனுமதிக்கிறது. ஆனால் கட், ஆக் போன்ற பழைய கருவிகளை அப்படியே போட்டால் ஒரு வரி ஒரு பதிவு என்றுதான் நடந்துகொள்ளும், ஒருவருடைய தொலைபேசி எண் இன்னொருவருடைய பத்தியில் போய் விழும். அதனால் எல்லாவற்றையும் எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் ஏற்றினேன். பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள் சிதையாமல் இருக்க எல்லாப் பத்தியையும் டெக்ஸ்ட் என்று அறிவித்து முதலில் அட்டவணையை உருவாக்கிக்கொண்டேன். அப்படி முன்பே அட்டவணை இருந்தால் தலைப்பு வரியும் ஒரு வாடிக்கையாளராக உள்ளே வந்துவிடும், முதல் வரியைத் தாண்டு என்று சொல்ல வேண்டும். விரிதாளில் திறந்து பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொண்டேன். அது முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும், 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியைப் பூஜ்யமாக்கிவிடும்.

யார் யார் ஒரே ஆள் என்று முடிவு செய்வது கருவியின் வேலை இல்லை. மின்னஞ்சல் முகவரியைச் சிறிய எழுத்தாக்கி, ஓரத்து இடைவெளிகளை வெட்டி ஒப்பிட்டேன். தொலைபேசி எண் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று முதலில் வைத்திருந்தேன், பட்டியலைக் கண்ணால் பார்த்ததும் எடுத்துவிட்டேன். கணவன் மனைவி ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள், அலுவலக வரவேற்பறை எண்ணை ஏழு பேர் கொடுத்திருக்கிறார்கள். எண் மட்டும் பொருந்தியவற்றை ஒதுக்கி, அந்தந்த வாடிக்கையாளரைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன். இரண்டு பதிவுகளை இணைக்கும்போது புதிய பதிவில் விவரம் இருந்தால் அது, இல்லாவிட்டால் பழையது என்பது விதி. அதற்குத் தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் கோயலெஸ் என்ற செயல்பாடு இருக்கிறது, கொடுத்த வரிசையில் முதலில் கிடைக்கும், நல் (மதிப்பே இல்லை என்ற குறி) அல்லாத மதிப்பை எடுத்துக்கொள்ளும். எழுதினேன், உள்ளூர் நகலில் ஓட்டினேன், முடிவைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அணைத்துவிட்டுக் கிளம்பும் முன், தொடர்புகொள்ள வேண்டாம் என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று முன்னும் பின்னும் எண்ணினேன். ஒரே ஆள் இரண்டு முறை எண்ணப்படக் கூடாது என்று தனித்தனி மின்னஞ்சல் முகவரிகளைத்தான் எண்ணினேன், அதனால் இணைத்த பிறகும் எண்ணிக்கை அப்படியே இருக்க வேண்டும். முன்னால் 611. பின்னால் 397.

214 பேர் ஒரே கட்டளையில் காணாமல் போயிருந்தார்கள். சிஎஸ்வியில் காலியாக இருக்கும் இடம் எஸ்க்யூலைட்டுக்குள் நல்லாக வருவதில்லை, நீளம் பூஜ்யமான ஒரு சரமாக வருகிறது. கோயலெஸ்ஸுக்கு அதுவும் ஒரு மதிப்புதான். புதிய பதிவில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்கள், அந்த ஒன்றுமில்லாதது பழைய பதிவில் இருந்த வேண்டாம் என்ற சொல்லை அழித்துவிட்டது.

அந்த 214 பேரில் சிலருடைய குறிப்புகளைத் திறந்து படித்தேன். ஒருவர் எழுதச் சொல்லியிருந்தது இது: கணவர் காலமாகிவிட்டார், இனி அவர் பெயரைச் சொல்லி இந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். யாரோ ஒரு ஊழியர் அதைக் கவனமாகக் கேட்டு, பதிந்து, குறியும் போட்டு வைத்திருக்கிறார். நான் அன்றைக்கே சிஆர்எம்மில் ஓட்டியிருந்தால் அடுத்த வாரமே எங்கள் ஆட்களில் ஒருவர் அந்த வீட்டுக்கு அழைத்து, அவர் இருக்கிறாரா என்று கேட்டிருப்பார். தரவுக் கசிவு என்றால் எல்லோரும் பயப்படுகிறோம், பயப்படத்தான் வேண்டும். ஆனால் வெளியே ஒரு எழுத்துகூடப் போகாமல், ஒருவர் நம்மிடம் நம்பிச் சொன்னதை நாமே தொலைத்துவிடலாம் என்பது அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. வெகுநேரம் அந்தப் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரிசெய்வது ஒரு வரிதான், காலிச் சரத்தை நல்லாக மாற்றும் நல்இஃப் செயல்பாட்டைக் கோயலெஸ்ஸுக்குள் வைத்தால் போதும். ஆனால் இந்தப் பத்திக்கு அந்த விதியே வேண்டாம் என்று முடிவு செய்தேன். எந்தப் பதிவில் வேண்டாம் என்று இருந்தாலும், அது எவ்வளவு பழையதானாலும், இணைத்த பிறகும் வேண்டாம் என்றுதான் இருக்கும். திரும்ப ஓட்டினேன், 611. இந்தச் சோதனையை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன், எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் மேலே போகாது.

நேரலையில் ஓட்டும் முன் ஐந்து பதிவுகளில் மட்டும் சோதித்தோம். அதில் ஒன்று என் சொந்த முகவரியில் நான் உருவாக்கிய பதிவு, இதை யார் செய்தாலும் கட்டாயம் செய்யுங்கள். இணைத்த இரண்டாவது நிமிடம் என் பெட்டிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது, எங்களோடு இணைந்ததற்கு நன்றி என்று. பதிவு மாறினால் தானாக வரவேற்பு அனுப்பும் ஒரு ஆட்டோமேஷனை யாரோ எப்போதோ அமைத்திருக்கிறார்கள். ஏபிஐ வழியாக மாற்றினாலும் அது கிளம்பும். பட்டியலில் இருந்த எல்லாத் தானியங்கி வேலைகளையும் உட்கார்ந்து பார்த்து, பொறுப்பில் இருந்தவரிடம் சொல்லி, இரண்டு மணி நேரத்துக்கு நிறுத்தி வைத்தோம். எவற்றை நிறுத்தினோம் என்று எழுதியும் வைத்தோம், இல்லாவிட்டால் திரும்பப் போட மறந்துவிடும்.

அந்த மென்பொருளில் இணைத்ததைப் பிரிக்க வழி கிடையாது. அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் இணைக்கும் முன் இரண்டு பதிவுகளின் முழு நிலையையும் மறுபடி இறக்கி, லாக் என்ற பதிவுக் கோப்பில் எழுதி, அப்புறம் இணைத்து, வந்த பதிலையும் எழுதும்படி வைத்தேன். நாம் பேக்கப் எடுத்த பிறகு யாராவது அந்தப் பதிவைத் திருத்தியிருந்தால் அந்த ஜோடியைத் தொடாமல் தாண்டிவிடும். இணைப்பு அறுந்தாலும் வேலை அறுந்துவிடாமல் இருக்க, டெர்மினலைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் ஓட்டினேன். நடுவில் 429 வந்தது, அதாவது வேகமாகக் கேட்கிறாய், நிதானி என்று பொருள். பதிலோடு வந்த ரிட்ரை-ஆஃப்டர் ஹெட்டரில் எத்தனை விநாடி என்று இருந்தது, அத்தனை விநாடி காத்திருந்து தொடர்ந்தது. நிற்பதும் தொடர்வதும் லாக்கைப் பார்த்துத்தான் என்பதால் எதையும் இரண்டு முறை செய்யவில்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி இறக்கி எண்ணினேன், 611 அப்படியே இருந்தது. அந்தப் பெண்மணியின் பதிவைத் திரையில் திறந்து கண்ணாலும் ஒருமுறை பார்த்தேன்.

மிச்சம் இருந்தது துடைக்கும் வேலை. எஸ்எஸ்டி வட்டுகளில், கோப்பின் மேல் எழுதி அழிக்கும் ஷ்ரெட் கட்டளையை நம்ப முடியாது, மேலே எழுதுவதாக நினைப்பது வேறு இடத்தில் போய் எழுதப்படலாம். ஆரம்பத்திலேயே குறியாக்கம் செய்த கோப்புறைக்குள் மட்டும் வேலை செய்ததால், கோப்புறையை அழித்துச் சாவியையும் அழித்தேன். பூட்டிய பேக்கப்பையும் லாக்கையும் 30 நாள் வைத்திருந்து அழிப்பது என்று முடிவு செய்து தேதியைக் குறித்தோம். அந்த 30 நாளில் யாராவது என் விவரங்களை நீக்குங்கள் என்று கேட்டால், அந்தப் பதிவின் ஐடியை ஒரு தனிப் பட்டியலில் சேர்க்க வேண்டும், பேக்கப்பை மீட்க நேர்ந்தால் அந்தப் பட்டியலில் இருப்பவர்களை உடனே மறுபடி நீக்கிவிட வேண்டும். இரண்டு பேர் கேட்டார்கள்.

எழுதும் உரிமை டோக்கனை அன்றிரவே ரத்து செய்தேன். பிறகு அதே டோக்கனை வைத்து ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். 401, அதாவது இந்தச் சாவி செல்லாது, என்று வந்தது, கோப்பை அழித்துவிட்டு சர்வரிலிருந்து வெளியே வந்தேன்.