சைகோனுக்கு வந்த ஒறம்பரை

மார்ச் 7, 2025, வெள்ளி

அப்பா வியட்நாமுக்கு வந்து சேந்துட்டாருங்க. கொச்சில இருந்து நேர் ஃப்ளைட், ராத்திரி ஏறி வெடியால எறங்கிட்டாரு. கோயமுத்தூர்ல ஏறினா நடுவுல எங்கியாச்சும் மாறி வரோணும், தனியா வர்ற மனுசன் திணறிப் போயிருவாருன்னு பெரிய மாமாதான் பாலக்காட்டு வழியா கார்ல கொண்டு போயி விட்டிருக்காரு. வெளிய வந்தவரப் பாத்தா வெள்ளை வேட்டி, முழுக்கை சட்டை, தோள்ல துண்டு, கையில ஒரு கட்டப் பை. என்னப் பாத்ததும் மொத வார்த்தை, "ஏ அம்மிணி, இப்பிடி எளச்சுப் போயிட்ட?" ஏழு வாரத்துல நாலு கிலோ ஏறியிருக்கறேன் நான்.

திருப்பூர் ஆபீஸ்ல இருந்து மூணு மாச டெபுடேசன்னு அனுப்புனாங்க, வந்ததுல இருந்து ஃபேக்டரி, ரூம், ஃபேக்டரி, ரூம்தான். ஊரை நானே ஒழுங்கா பாக்கல, இதுல அப்பாவுக்கு சுத்திக் காட்டப் போறனாம். அம்மாவையும் சேத்துதான் கூப்பிட்டேன், செனை மாடு ரெண்டு நிக்குது ஆரு பாக்கறதுன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க.

பையத் தொறந்தா முக்காவாசி திங்கறதுதான். நெலக்கடலை, கச்சாயம், பருப்புப் பொடி, எலுமிச்சங்கா ஊறுகா. நம்ம தோப்புக் காய் ரெண்டும் எடுத்து வெச்சிருந்தாராம், மாமா கார்லயே எடுத்துப் போட்டுட்டாராம், அந்த வெசனம் இன்னும் போகல.

இந்த ஊர்ல மொதல்ல கத்துக்க வேண்டியது ரோடு தாண்டறது. எங்க பாத்தாலும் பைக்கு, மழைக்கு கெளம்புன ஈசலாட்ட. நாம நிக்கவும் கூடாது ஓடவும் கூடாது, ஒரே சீரா நடந்துட்டே இருக்கோணும், அவங்களே நம்மளச் சுத்தி வளைஞ்சு போயிக்குவாங்க. எனக்கு இது பழக ஒரு வாரம் ஆச்சு. அப்பா கையப் புடிச்சுக்குங்கன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவரு கைய லேசா தூக்கிட்டு எறங்கி நடந்துட்டாரு, அக்கட்டால போயி நின்னு ஏன் இன்னும் வரலங்கற மாதிரி என்னத் திரும்பிப் பாக்கறாரு. "பொள்ளாச்சி மாட்டுச் சந்தைல நடக்கறதுதான அம்மிணி. நாம மெரண்டாத்தான் அதும் மெரளும்."

மார்ச் 8, சனி

இன்னிக்கு மகளிர் தினம், இங்க அது பெரிய நோம்பி மாதிரி. தெருவெல்லாம் பூக்கட. ஃபேக்டரில எல்லா பொண்ணுகளுக்கும் ஒரு ரோஜா, எனக்கும் ஒண்ணு. அப்பா அத வாங்கி தண்ணி பாட்டில்ல போட்டு சன்னல்ல வெச்சுட்டு அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டுனாரு. அம்மா அதக் கண்டுக்கவே இல்ல, சாப்புட்டீங்களான்னாங்க.

சாங்காலம் காபி குடிக்கப் போனோம். இங்க கிளாஸ்ல அடில கெட்டிப் பால ஊத்தி, மேல ஒரு குட்டி ஃபில்ட்டர வெச்சு அப்பிடியே மேசைல கொண்டாந்து வெச்சுருவாங்க, டிகாசன் சொட்டு சொட்டா எறங்கற வரைக்கும் காத்திருக்கோணும். அப்பா குனிஞ்சு அதையே பாத்துட்டு இருந்தாரு. "ட்ரிப்பு போட்டிருக்கறான்"னாரு, தோப்புல போடற சொட்டுநீர நெனச்சுட்டு. பொறகு அஞ்சு நிமிசம் கழிச்சு, "இதுல அடப்பு இருக்குது, மணிக்கு நாலு லிட்டர் வராது." எனக்கு சிரிச்சு பொறையேறிருச்சு.

காசு குடுக்கையில அஞ்சு லட்சம் டாங் நோட்டப் பாத்துட்டாரு. நம்ம காசுக்கு ஆயிரத்து எழுநூறு ரூவா பக்கம்தான் வரும், அதச் சொன்னப்பறமும் அந்த ஒத்த நோட்டப் புடிச்சு போட்டோ எடுத்து சொந்தக்காரங்க குரூப்ல போட்டாச்சு.

மார்ச் 9, ஞாயிறு

லிஸ்ட்டு போட்டு கூட்டிட்டுப் போன நாள். நோத்ருதாம் சர்ச்சுல 2017ல இருந்து மராமத்து வேலை, சாரம் கட்டி கெடக்குது, வெளிய நின்னு பாத்துட்டு வந்தாச்சு. சுதந்திர அரண்மனைல போர் முடிஞ்ச 1975 ஏப்ரல் 30 அன்னிக்கு வடக்கு வியட்நாம் டேங்க் கேட்ட ஒடச்சுட்டு உள்ள வந்த எடத்தக் காட்டினேன். அப்ப அப்பாவுக்கு பன்னெண்டு வயசு, அப்பாரு, அதான் அவரோட அப்பா, ரேடியோவுல தினம் வியட்நாம் நியூஸ் கேப்பாராம், அது ஒரு ஆளோட பேருன்னு இவரு நெனச்சுட்டு இருந்தாராம்.

போஸ்ட் ஆபீஸ் அவருக்கு புடிச்சுது. பிரெஞ்சுக்காரன் 1886ல ஆரம்பிச்சு 1891ல முடிச்சது. அத ஈபிள் கட்டுனாருன்னு நெறய பேரு சொல்லுவாங்க, அது உண்மையில்ல. ஆனா உள்ள நிமுந்து பாத்தா ரயில்வே ஸ்டேசன் மாதிரி வளைஞ்ச இரும்புக் கூரை, அப்பிடி சொல்லத்தான் தோணும். இன்னும் நெசமாவே தபால் போயிட்டு இருக்குது. அப்பா ஒரு கார்டு வாங்கி மர பெஞ்சுல உக்காந்து கால்மணி நேரம் எழுதுனாரு. என்ன எழுதுனீங்கன்னு கேட்டா கைய வெச்சு மறச்சுக்கறாரு. அம்மாவுக்கு இத்தன வருசத்துல லெட்டர் எழுதி நான் பாத்ததே இல்ல.

பொறகு மாரியம்மன் கோயில். பென் தான் மார்க்கெட்டுக்கு பக்கத்துல, நம்ம தமிழாளுங்க அந்தக் காலத்துல கட்டுனது. இப்ப வர்றதுல பாதிக்கு மேல வியட்நாம்காரங்கதான், ஊதுபத்தி புடிச்சுட்டு நிக்கறாங்க, பின்னால போயி கல்லு செவுத்துல ரெண்டு கையையும் நெத்தியையும் வெச்சு என்னமோ முணுமுணுக்கறாங்க. அம்மன் கேட்டுக்குமாம். அப்பா அதப் பாத்துட்டே இருந்துட்டு, "இங்க மொளகா அரைக்கற கல்லு இல்லியா"ங்கறாரு. ஆனமலை மாசாணியம்மன் கோயில்ல அநியாயம் பண்ணுனவனுக்கு கேடு கேட்டு மொளகா அரைக்கறது இருக்குதுல்ல, போன வருசம் எங்க போர்வெல் ஒயரை எவனோ அறுத்துட்டுப் போனப்ப அம்மா போயி அரைச்சுட்டு வந்தாங்க. அந்த வழக்கு இன்னும் நிலுவைல இருக்குது. அப்பா செவுத்துல கைய வெச்சு கொஞ்ச நேரம் நின்னாரு, அப்பீலுன்னு நெனைக்கறேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்னிக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. நான் ஃபேக்டரிக்கு கெளம்பறப்ப ரூம் பக்கத்துலயே இருங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். மத்தியானம் போன் போட்டா சுவிட்ச் ஆஃப். ரெண்டு மணி, மூணு மணி, ஆஃபு. இன்ஸ்பெக்சன்ல பாதில லீவ் சொல்லிட்டு டாக்ஸி புடிச்சு ஓடி வர்றேன், என்னென்னமோ நெனப்பு ஓடுது, அம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

ரூமுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு எளநி வண்டி. அங்க ஒரு ப்ளாஸ்டிக் முக்காலில உக்காந்து கையில அருவாளோட எங்கப்பா. வண்டிக்கார அக்கா பக்கத்துல நின்னு விழுந்து விழுந்து சிரிக்குது. அந்தக்கா எளநிய ஓரமெல்லாம் சீவி வெள்ளையா சொப்பு மாதிரி நிறுத்தி வெக்குது, அவரு அத வாங்கி மூணே வெட்டுல கண்ணத் தொறந்து காட்டறாரு. ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்கு தெரியாது, நாயம் மட்டும் நடந்துட்டே இருக்குது. நான் ரோட்டுலயே அழுதுட்டேன். "சார்ஜ் போயிருச்சு அம்மிணி, அதுக்கு எதுக்கு இப்பிடி ஓடி வர்ற"ன்னு எனக்கு ஒரு எளநிய நீட்டுனாரு.

அதுக்கு முன்னால வேற ஒரு காரியம் பண்ணியிருக்காரு. புது மெட்ரோ போன டிசம்பர்லதான் ஓட ஆரம்பிச்சுது, பென் தான்ல இருந்து சுவோய் தியன் வரைக்கும் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், 14 ஸ்டேசன். தனியா டிக்கெட் வாங்கி கடைசி வரைக்கும் போயி அதே ட்ரெயின்ல திரும்பி வந்திருக்காரு. நான் இன்னும் அதுல ஏறவே இல்லைங்க.

மார்ச் 13, வியாழன்

ரைஸ் குக்கர்ல அரிசிம்பருப்பு சோறு. மாட்டுக்கறி சூப்பு வாசம் இவருக்கு ஒத்துக்கல, ஹோட்டல்ல "சாய்"னு கேட்டா சைவம்னு மட்டும் கத்துக்குடுத்தேன், மொத நாளே டீக்கடைன்னு நெனச்சு ஒரு கடைல போயி கேட்டிருக்காரு, தோஃபு வந்திருக்குது. நேத்து அரிசி சேமியா வாங்கிட்டு வந்தேன், மெல்லிசா பின்னுன மாதிரி இருக்கும். பிச்சுப் பாத்துட்டு "சந்தகதான இது"ன்னு அவரே தேங்காப்பாலும் சக்கரையும் ஊத்தி ரெண்டு தட்டு சாப்புட்டாரு.

மார்ச் 16, ஞாயிறு

இத எழுதத்தான் ரெண்டு நாளா காத்துட்டு இருந்தேன்.

பென் த்ரே போனோம். சைகோன்ல இருந்து தெக்க வேன்ல ரெண்டு மணி நேரம், மி தோவுல படகு ஏறினா மீகாங் ஆறு. வியட்நாம்ல தென்னைன்னா பென் த்ரேதான், நம்மூருக்கு பொள்ளாச்சி மாதிரி. போர்க்காலத்துல தோண்டுன கூச்சி சுரங்கம் போலாமா இதுக்குப் போலாமான்னு கேட்டதுக்கு ஒரு நொடி கூட யோசிக்கல அப்பா.

ஆத்தப் பாத்ததும் மனுசன் பேச்சக் காணம். அக்கட்ட கரை தெரியாத அகலம். எங்களுக்கு பி.ஏ.பி., அதான் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் தண்ணி, நாலு மண்டலத்துல முறை வெச்சு வர்றது, நம்ம முறை வர ரெண்டு வருசம் ஆகும், வந்தாலும் கடைமடைக்கு என்ன மிஞ்சும். சின்ன வயசுல வாய்க்கால்ல தண்ணி உடற அன்னிக்கு எங்கள ஸ்கூலுக்கே அனுப்ப மாட்டாரு, வந்து பாருங்கன்னு கூட்டிட்டுப் போவாரு. அப்பிடிப்பட்ட ஆளு ரெண்டு கையையும் மடில வெச்சுட்டு உக்காந்திருக்காரு.

பொறகு துடுப்புப் படகுல சின்ன கால்வாய்க்குள்ள போனோம். ரெண்டு பக்கமும் தண்டே இல்லாம சேத்துல இருந்து நேரா ஓலை மட்டும் பொடச்சு நிக்குது, நிப்பா பனைன்னு சொல்றாங்க, இவங்க பாஷைல தண்ணித் தென்னைன்னு பேராம். மரம் எங்க மரம் எங்கன்னு அப்பா எட்டி எட்டிப் பாக்க படகு ஆடுது. தேங்கா மிட்டாய் பண்ற எடத்துல பால காய்ச்சி கிண்டி, வெட்டி, அரிசித் தாள்ல சுத்தறாங்க, அந்தத் தாளோடவே திங்கலாம். அப்பா வாயில போட்டுட்டு தாளத் தேடுனாரு.

தோப்புக்குள்ள போனப்பதான் அவரு முழுசா முழிச்சுக்கிட்டாரு. மேடா மண்ணக் குமிச்சு வரிசையா மரம், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவுல தண்ணி நிக்கற ஓடை. அடி வெச்சு அளந்து பாத்தாரு, நம்ம இருவத்தஞ்சு அடி இடைவெளி இங்க இல்ல. கைடு புள்ளைகிட்ட என்ன வெச்சு கேள்வியாக் கேட்டாரு, வெள்ளை ஈ இருக்குதா, வாடல் இருக்குதா, காய் பறிக்க ஆளு கெடைக்குதா. அந்தப் புள்ள பாவம், போட்டோ எடுக்க மட்டும்தான் ஆளுக வருவாங்க போல. தோப்புக்காரப் பெரியவரயே கூட்டிட்டு வந்திருச்சு. உரிக்கற பாரை நம்முளது மாதிரியேதான், மண்ணுல நட்டு நிக்குது. அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஒரு காய எடுத்து மூணு குத்து, மட்ட தனியா காய் தனியா. பெரியவரு ரெண்டே குத்து. அப்பா மூஞ்சி போன போக்கப் பாக்கோணுமே.

அங்கதான் அது. ஓடைல நூறு நூத்தம்பது தேங்கா மொத்தமா மெதந்துட்டு வருது, பின்னால ஒரு பையன் இடுப்பளவு தண்ணில நின்னு ஆட்ட ஓட்டற மாதிரி தள்ளிட்டு வர்றான். டிராக்டரும் இல்ல, செமக்கற கூலியும் இல்ல. அப்பா என் தோள்ல கைய வெச்சாரு. "வாடகை மிச்சம்"னாரு. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு.

மத்தியானம் அவரே ஒண்ணக் கண்டுபுடிச்சாரு. காலைல அக்கட்ட போன மட்டை இப்ப இக்கட்ட வருதேன்னு. கடல் ஏத்தம் இங்க வரைக்கும் வருது, தண்ணி ரெண்டு பக்கமும் ஓடும். வெரல முக்கி நாக்குல வெச்சுப் பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சாரு, லேசா கரிக்குது. கைடு சொல்லுச்சு, கோடைல மேல இருந்து வர்ற ஆத்துத் தண்ணி கொறஞ்சா கடல் உள்ள ஏறிக்கும், 2016லயும் 2020லயும் நெம்ப மோசம், 2020ல பென் த்ரேவும் சேத்து அஞ்சு மாகாணத்துல அவசரநிலை அறிவிச்சாங்க. உப்பு ஏறினா தென்னைலயும் காய் சிறுத்துப் போகுமாம். பெரியவரு வீட்டு ஓரத்துல ஆள் ஒசரத்துக்கு பெரிய பெரிய தொட்டிச் சாடி வரிசையா இருந்துச்சு, எல்லாம் மழைத்தண்ணி, குடிக்கறதுக்கு. அப்பா ஒவ்வொண்ணையா தட்டித் தட்டிப் பாத்தாரு. ரெண்டு சாடி காலி சத்தம்.

வர்ற வழில வேன்ல தூங்கலையே தவிர ஒண்ணும் பேசல.

மார்ச் 17, திங்கள்

ராத்திரி ஃப்ளைட்டுக்கு விட்டுட்டு வந்தேன். பைல தேங்கா மிட்டாய் மூணு கிலோ. ரூம்ல வந்து பாத்தா ரோஜா பாட்டில்ல தண்ணி மாத்தி வெச்சுட்டுப் போயிருக்காரு, பூ என்னிக்கோ காஞ்சு போச்சு.

ஏப்ரல் 13, ஞாயிறு. ஊர்ல

நான் வந்து ரெண்டு நாள் ஆச்சு. நாளைக்கு சித்திரை ஒண்ணு. ஒரு மாடு கன்னு போட்டிருக்குது, கெடாரி. அப்பா தோப்புல ரெண்டு வரிசைக்கு நடுவுல நீளமா குழி வெட்டி வெச்சிருக்காரு, உரிமட்டையப் போட்டு மழைத்தண்ணி நிறுத்தப் போறாராம், அம்மா அதுல ஒருக்கா கால் எடறி உழுந்துட்டாங்க, அதுல இருந்து அதுக்கு மீகாங்குன்னு பேரு. "உங்கொப்பன் மீகாங்குல நிக்கறாரு, சோத்துக்கு வரச் சொல்லு."

அந்தக் கார்டு நேத்துதான் வந்துச்சு. போஸ்ட்மேன்கிட்ட வாங்கினதே அப்பாதான், படிச்சுப் பாத்துட்டு சட்டப் பைல வெச்சுக்கிட்டாரு, அம்மா புடுங்கித்தான் எங்கிட்ட குடுத்தாங்க. முக்காவாசி, த்ரீ பேஸ் கரண்டு எத்தன மணிக்கு வருமோ அத்தன மணிக்கு மோட்டாரப் போடு, கெழக்கு வரிசைக்கு மொதல்ல உடு, செனை மாட்டுக்கு வெச்ச தண்ணில புண்ணாக்கு கொறைக்காத. கடைசில எடமில்லாம ஓரத்துல பொடியா, "நீயும் வந்திருக்கலாம்."

அம்மா அத ஃப்ரிட்ஜ் மேல காலண்டருக்குப் பின்னால சொருகி வெச்சுட்டு, புண்ணாக்கு நான் எப்பக் கொறச்சேன்னு சண்டைக்குப் போயிட்டாங்க.