முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது? தரம் 8க்கு ஒரு சுற்றாடல் திட்டம் போட்ட அனுபவம்

பாடசாலைக்கு ஒரு சுற்றாடல் கல்வித் திட்டம் எழுதி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால் அதிபர் அதை என்னிடம் தந்துவிட்டார். கூட வந்த மாதிரிப் படிவத்தில் சுற்றாடல் தினப் பேச்சு, சுவரொட்டிப் போட்டி, மரநடுகை, சிரமதானம் என்று நான்கு கட்டங்கள். நிரப்பிக் கொடுத்தால் ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் ஜூன் 5ஆம் திகதி மரம் நடுவது மட்டக்களப்புக்குச் சரிவராது. அது கச்சான் என்ற வறண்ட தென்மேல் காற்று அடிக்கிற காலம். எங்களுக்குப் பெருமழை வாடை என்ற வடகீழ்க் காற்றோடுதான் வரும், நவம்பர் முதல் ஜனவரி வரை. கச்சானில் நட்ட வேம்புக்கு ஆகஸ்ட் விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது? மரநடுகையை மூன்றாம் தவணைக்குத் தள்ளினேன். "உலகமே ஜூனில்தானே நடுகிறது" என்றார்கள். அது வேறு மழை பெய்கிற உலகம்.

1977இல் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் திபிலீசி நகரில் நடத்திய மாநாடு, சுற்றாடல் கல்விக்கு ஐந்து நோக்கங்களைச் சொன்னது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. படிவத்தின் நான்கு கட்டங்களையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். விழிப்புணர்வு வழிந்தது, திறன் என்ற பக்கமே காலி. அதனால் தலைப்புகளைத் தேடுவதை விட்டுவிட்டு, பிள்ளைகளின் வீட்டில் ஏற்கெனவே சண்டை நடக்கிற ஒரு கேள்வியைத் தேடினேன்.

அது தூரத்தில் இல்லை. பள்ளிக்கூடம் களுவாஞ்சிக்குடிப் பக்கம், மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில். சில பிள்ளைகள் மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவைப் படகில்) ஏறி வாவியைக் கடந்து வருகிறார்கள். மாரியில் வாவி நிரம்பினால் அவர்களுடைய வயல் மூழ்கும். வாவி கடலோடு சேருகிற வாய்தான் முகத்துவாரம்; மணல் மூடிக் கிடக்கும் அதை, "வெட்டுங்கோ" என்று விவசாயிகள் கேட்பார்கள். வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று மீன்பிடிக்கிறவர்கள் மறிப்பார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்பில் ஒரே வாங்கில் இருக்கிறார்கள்.

முதல் நாளே எழுதக் கொடுத்தேன்: முகத்துவாரத்தை எப்போது வெட்டலாம்? ஏன்? அநேகமாக எல்லாருடைய பதிலும் அப்பாவின் பதில்தான்.

அப்புறம் அனுமதி. வெளிக்களத்துக்குப் போக அதிபரின் கடிதம், மேலிடத்தின் ஒப்புதல், பெற்றோரின் கையொப்பம் எல்லாம் வேண்டும். மேலே போன கடிதம் எந்த மேசையில் தூங்கியதோ, தவணையில் பாதி போன பிறகுதான் திரும்பி வந்தது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா நேரே கேட்டார்: "முதலை கிடக்கிற இடத்துக்கு ஏன் ரீச்சர் பிள்ளையளக் கொண்டு போறீங்க?" நியாயமான கேள்வி. யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை, துறையில் நின்று கயிறு கட்டிய வாளியால் அள்ளுவது மட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வாவிக் கரையில் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பொல்லாதது என்பதால் கொப்பு முறிக்கவும் தடை போட்டேன்.

உப்பை அளக்கக் கருவி வாங்கப் பணம் இல்லை. ஒரு லீற்றர் வாவித் தண்ணீரைத் துணியில் வடித்து, நிறுத்து வைத்த சட்டியில் விட்டு வற்றக் காய்ச்சி, மிஞ்சியதோடு சட்டியைத் திரும்ப நிறுத்தோம். தராசு பக்கத்துப் பலசரக்குக் கடையில் இரவல். கடல் தண்ணீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். மாரி முடிகிற நேரத்து வாவித் தண்ணீரில் சட்டியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கச்சான் காலத்தில் அள்ளியதில் சட்டியின் அடி வெள்ளையாகவே கிடந்தது. ஒரே துறை, ஒரே வாளி. எப்படி என்று பிள்ளைகளே கேட்கத் தொடங்கினார்கள். நான் திட்டத்தில் எழுதியிருந்த விளக்கங்களில் பாதி தேவைப்படவில்லை.

கடைசியில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கிற கூட்டம் போல ஒன்று நடத்தினோம், ஆனால் பக்கம் மாற்றி. தோணியில் மீன்பிடிக்கிறவரின் மகன் விவசாயியாக நின்றான். "ஐயா, உங்கட இறால் அடுத்த வருசமும் வரும், கதிர் வரப்போற எங்கட குடலைப் பயிர் திரும்பி வருமா?" என்று கேட்டான், வகுப்பே கைதட்டியது. படுவான்கரைப் பிள்ளை ஒருத்தி மீனவர் பக்கம் நின்று, "இறால் முட்டையிடுறது கடல்ல. குஞ்சு வாவிக்குள்ள வரவும் வாய் திறந்திருக்க வேணும். வெட்டவே வேணாம் எண்டு நாங்க சொல்லல, எப்ப எண்டுதான் கேக்கிறம்" என்றாள். அவளுக்கு அதைச் சொன்னது நானில்லை; பாதையில் வரும்போது ஒரு மீன்காரரிடம் கேட்டு வந்திருக்கிறாள்.

அதே கேள்வியைத் திரும்ப எழுதக் கொடுத்தபோது, பலர் பதிலுக்கு முன்னால் வேறு விபரம் கேட்டார்கள்: நீர்மட்டம் என்ன, பயிர் எந்தப் பருவம், இன்னும் மழை வருமா? இதைத்தான் மதிப்பீடாக வைத்துக்கொண்டேன். அறிக்கைப் படிவத்தில் அதற்கு இடமில்லை, "நட்ட மரங்களின் எண்ணிக்கை" மட்டும் இருந்தது. கோடு போட்டுவிட்டு, பிள்ளைகளின் இரண்டு பதில்களையும் பின்னால் இணைத்து அனுப்பினேன்.

அடுத்த வருடத்துக்கு யானையைப் பற்றிய கேள்வி வேண்டுமாம். வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளைகளின் கோரிக்கை. அனுமதிக் கடிதத்தைத் தவணை தொடங்குமுன்னரே கொடுத்துவிட்டேன்.