இரண்டு காசும் ஒரு துண்டும்

2010இல் கிளிநொச்சிக்கு மாற்றலாகி வந்தபோது வங்கியின் அடகுப் பகுதியில்தான் என்னை இருத்தினார்கள். கூரை பாதி தகரம், சுவரெல்லாம் சன்னம் பட்ட ஓட்டை, வெளியில் மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த சனம். தராசையும் உரைகல்லையும் துடைத்து வைத்துக்கொண்டு இருந்தேன். வந்தார்கள்தான். சீலைக் கரையின் மடிப்புக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றிய ஒரு சோடித் தோடு, பிள்ளையின் கைச்சங்கிலி, அப்படி. ஆனால் நான் எதிர்பார்க்காத இன்னொரு கூட்டமும் வந்தது. அவர்களிடம் நகை இல்லை, அடகுத் துண்டு மட்டும்தான் இருந்தது. அதுவும் எங்கள் வங்கித் துண்டு இல்லை, போர் முடியும் முன் வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இயங்கிய வேறொரு இடத்தில் ஈடு வைத்த துண்டு. அந்த இடமும் இப்போது இல்லை, நடத்தியவர்களும் இல்லை.

அதில் ஒரு அம்மா. எழுபது வயது தாண்டியிருக்கும். நாலாய் மடித்த சொப்பிங் பையைப் பிரித்து, அதற்குள் இருந்த இன்னொரு பையைப் பிரித்து, துண்டை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"நம்பர் கிடக்குத்தானே பிள்ளை. பாத்துச் சொல்லுங்கோ."

இது எங்கள் நம்பர் இல்லை அம்மா என்றேன். அவர் எழும்பவில்லை. "எல்லாம் பாங்குதானே பிள்ளை" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என்ன நகை என்று கேட்டேன், வேறு எதைக் கேட்பது. தாலிக்கொடி, பதினொரு பவுண். அம்மாவின் அம்மா போட்டிருந்தது. "ரெண்டு காசு கோத்தது. ஒண்டில ராசா, மற்றதில கிழவி ராணி."

எங்கள் பக்கத் தாலிக்கொடியில் பவுண் காசு கோர்க்கிற வழக்கம் உண்டு. இங்கிலாந்துத் தங்க நாணயம் அது, 22 கரட், நிறை 7.98 கிராம். இன்றைக்கும் நாங்கள் எட்டுக் கிராமை ஒரு பவுண் என்கிறோமே, அந்தக் கணக்கு இந்தக் காசிலிருந்து வந்ததுதான். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருடம் ஆகியும் அவனுடைய நிறைதான் எங்கள் கழுத்தில். ஒருமுறை வேறொருவரின் கொடியில் 1918ஆம் ஆண்டுக் காசு ஒன்று வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், காசின் பின்பக்கத்தில் இருக்கும் குதிரையின் காலுக்குக் கீழே, ஆண்டு இலக்கத்துக்கு மேலே ஓடும் மெல்லிய கோட்டில், கடுகுக்கும் சின்னதாக ஆங்கில 'ஐ' எழுத்து. பம்பாயில் அடித்தது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் அந்த ஒரே ஒரு வருடம்தான் அங்கே அந்தக் காசு அடித்தார்கள். இப்படி ஒரு அடையாளம் இருந்தால் ஆயிரம் கொடிக்குள்ளும் உங்கள் கொடியைக் கண்டுபிடிக்கலாம், யாராவது அதை எழுதி வைத்திருந்தால்.

அந்த அம்மா பிறகும் வந்தார். மழைக்கு ஒதுங்குவதுபோல வந்து, வாங்கில் இருந்து, கதைப்பார். அப்படித்தான் கொடியின் முதல் கதை தெரிந்தது. இரணைமடுவுக்குக் கீழே காணி கிடைத்து, காடு வெட்டி, சோடி எருமை வாங்குவதற்காக அவருடைய தாய் யாழ்ப்பாணத்தில் ஒரு செட்டியாரிடம் அதை ஈடு வைத்திருக்கிறார். சுதந்திரத்துக்கு முதல். பிறகு 1948 பெப்ரவரி 4 வந்தது, கொடி செட்டியாரின் இரும்புப்பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அன்றைக்கு ஈடு வைத்தவர்களுக்கு ஒரே நாளில் ஒன்றும் மாறிவிடவில்லை. மத்திய வங்கி 1950இல்தான் வந்தது, 1951இல் அது அடித்த முதல் தாள்களிலும் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலைதான். மாற்றம் வேறு வழியால் வந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தோடு இந்தியாவிலிருந்து வந்து தொழில் செய்தவர்களின் காலடி ஆடத் தொடங்கியது, 1953இல் நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, ஊருக்குக் காசு அனுப்புவதும் அவர்களுக்குக் கஷ்டமானது. செட்டிமார் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். அந்த அம்மாவின் தாய் ஈடு வைத்த செட்டியாரும் ஒருநாள் ஆள் அனுப்பினாராம், ஊருக்குப் போகிறேன், வந்து மீட்டுக்கொண்டு போங்கோ என்று. தாயிடம் காசில்லை. நெல் இன்னும் கதிர் தள்ளவில்லை. அழுதுகொண்டு போன மனுசியை இருத்தி, கணக்கைப் பொறுப்பெடுக்க வந்த மற்றச் செட்டியாருக்கு முன்னால் பேரேட்டைத் திறந்து வாசித்திருக்கிறார்: பெயர், தகப்பன் பெயர், ஊர், கொடி ஒன்று, நிறை, காசு இரண்டு, வாங்கின தொகை. இரண்டு போகம் கழித்து அந்தப் புதியவரிடமிருந்து கொடி வந்தது. ராசா ராணி இரண்டு பேருமாக.

இதை நான் செட்டியார் நல்லவர் என்று காட்டச் சொல்லவில்லை. அவர் வாங்கிய வட்டி என்னவென்று அந்த அம்மாவுக்கே தெரியாது. நான் பார்ப்பது பேரேட்டைத்தான். ஒரு ஆட்சி போய் இன்னொன்று வரும்போது தங்கத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. அது எரியாது, உக்காது, மண்ணுக்குள் கிடந்தாலும் அதே நிறை. அறுந்து போவது நகைக்கும் பெயருக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு வரி.

1947இல் லாகூரில் இருந்து கிளம்பியவர்களைப் பற்றிப் பிறகு வாசித்தேன். பஞ்சாப் நேஷனல் வங்கியின் தலைமையகமே லாகூரில் இருந்தது. பிரிவினைக்குச் சில வாரங்களுக்கு முன் அதை டெல்லிக்கு மாற்றினார்கள், மேற்குப் பாகிஸ்தானில் 92 கிளைகளை மூட வேண்டி வந்தது, மொத்த வைப்புப் பணத்தில் 40 வீதம் அந்தக் கிளைகளில். ஓடி வந்த வாடிக்கையாளர்கள் காட்டிய எந்த ஆதாரத்தையும் வைத்து அந்த வங்கி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது என்று அதன் வரலாறு சொல்கிறது. வைப்பகப் பெட்டிகளில் நகையை விட்டு வந்தவர்களுக்கு இன்னும் கஷ்டம். சாவி கையில், பெட்டி எல்லைக்கு அந்தப் பக்கம். அதற்காக இரண்டு அரசாங்கமும் இருந்து பேச வேண்டியிருந்தது, அசையும் சொத்துகளுக்கான உடன்படிக்கை 1950இல் வந்தது. அவ்வளவு இரத்தம் சிந்திய பிறகும் பேசினார்கள். பேசுவதற்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தது, இரண்டு பக்கமும் பேரேடு இருந்தது. வன்னியில் 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு பக்கமே இல்லாமல் போனது. இந்த வித்தியாசம் விளங்கிய நாளில் எனக்கு அந்த அம்மாவின் கேள்வி இன்னும் பாரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு நான் நகை எழுதும் விதத்தை மாற்றினேன். எங்கள் கணினியில் விபரம் எழுதும் கட்டம் சின்னது, "காப்பு 2" என்று அடித்து நிறையைப் போட்டால் சட்டப்படி போதும். நான் நகை போடும் உறையின் மேல் பேனையால் எழுதத் தொடங்கினேன். "காப்பு 2, ஒன்றில் உட்பக்கம் நெளிவு." "சங்கிலி 1, கொளுக்கி புதிது, பத்தர் ஒட்டிய இடம் தெரிகிறது." முகாமையாளர் ஓரிரு தடவை சொன்னார், வரிசை நீளுது பிள்ளை என்று. நீண்டதுதான். வெயிலில் நின்ற சனத்துக்கு அது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை. ஈடு வைத்தவரைக் கூப்பிட்டு, நான் எழுதியதை வாசித்துக் காட்டி, இதுதானே உங்கட நகை என்று கேட்டுவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன். சிலர் திருத்துவார்கள். "இல்லை பிள்ளை, அந்த நெளிவு மற்றக் காப்பில."

2014இல் கிளிநொச்சியில், போர்க் காலத்தில் மீட்ட நகைகள் சிலருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டபோது அந்த அம்மாவும் போய்ப் பார்த்தார். அவருடைய பெயர் இல்லை. அப்புறம் இரண்டு வருடத்தில் காலமானார் என்று கேள்விப்பட்டேன், செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை, அது இன்னும் மனதில் கிடக்கிறது.

2025 மே மாதம், போர்க் காலத்தில் மீட்டு இராணுவத்தின் பொறுப்பில் இருந்த தங்க, வெள்ளிப் பொருட்களில் ஒரு தொகுதி பொலிசாரிடம் கையளிக்கப்பட்டது. தொலைக்காட்சியில் காட்டினார்கள், பொதி பொதியாக. நான் காசு தெரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் அந்த அம்மாவின் மகள் தொலைபேசி எடுத்தார். "அக்கா, அம்மான்ர துண்டு கிடக்கு. கொண்டு வரட்டோ?"

கொண்டு வாருங்கோ என்றேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என்னிடம் தராசும் இல்லை பெட்டகமும் இல்லை. கொண்டு வந்தார். அதே சொப்பிங் பை, அதே நாலு மடிப்பு. நம்பர் இருந்த இடம் வியர்வையில் ஊறி, இரண்டு இலக்கம் அடையாளம் தெரியவில்லை. கீழே நகை விபரம் எழுதியிருந்த வரியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பேருமாக எழுத்துக் கூட்டினோம். யாரோ ஒரு பிள்ளை, என்னைப்போல ஒருத்தியாக இருக்கலாம், நிதானமாக, வட்டமான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: கொடி 1, காசு 2, ஆண் தலை 1, பெண் தலை 1.

மூன்று பிரதி எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.