108-க்கு வந்த பங்காளி

எங்கள் வீட்டுக் கேமரா ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஆறரை மணி சுமாருக்குக் கண்ணை மூடி, திங்கட்கிழமை விடியற்காலையில் தானாகவே விழித்துக்கொள்ளும் வழக்கத்தைக் கடந்த ஆனி மாதத்தில் தொடங்கியது. நான்கு வாரம் இப்படியே போன பிறகு, "கேமராவுக்கும் வார லீவு உண்டுமா?" என்று அம்மா போனில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நான் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவன். ஆனாலும், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குபவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான் என்பதால், ஒயர் உள்ள எந்தப் பொருள் பழுதானாலும் அது என் பொறுப்பு என்று பெரியவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

ஊர் புளியரை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயை நோக்கி ஏறும் சாலையில், கோட்டைவாசலைத் தாண்டினால் கேரளம். செங்கோட்டை வட்டாரமே ஒரு காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் இந்தப் பக்கம் வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் சாரல் காற்றும் சம்பந்தமும் பழைய பாதையிலேயே வந்துகொண்டிருக்கின்றன. என் தங்கையைப் புனலூரில் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு முடிந்து வைகாசி கடைசியில் அவளை வீட்டுக்கு அழைத்து வந்ததிலிருந்து, மாப்பிள்ளை சனிக்கிழமைதோறும் மாலை பஸ்ஸில் வந்து, திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார். இந்த வாக்கியத்தைப் படிக்கும்போதே உங்களுக்கு ஏதோ பொறி தட்டியிருக்கும். எங்கள் வீட்டில் நான்கு வாரமாக ஒருவருக்கும் தட்டவில்லை. தட்டியிருந்தாலும், மாப்பிள்ளையின் பெயரைச் சந்தேக வரிசையில் சேர்க்கும் துணிச்சல் யாருக்கு வரும்?

முதலில் பழி குரங்குகள்மேல் விழுந்தது. மலையிலிருந்து இறங்கி வரும் அந்தக் கூட்டம் எங்கள் ஒயர்களில் ஊஞ்சல் ஆடுவது உண்மைதான் என்றாலும், கிழமை பார்த்து ஆடுகிற குரங்கு எந்த மலையிலும் இல்லை. அடுத்து சாரல், கேபிளில் ஈரம் இறங்கியிருக்கும் என்று அப்பா அடித்துச் சொன்னார். சாரலோ வாரத்தின் ஏழு நாளும் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவதாக, சனிக்கிழமை என்றால் சனி பகவானைத் தவிர வேறு யார் என்று கேட்டு, எள் தீபம் போடச் சொன்னாள் பெரியம்மா. சனிக்கிழமை ராகு காலமே காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முடிந்துவிடும், கேமரா போவதோ மாலையில் என்று நான் எடுத்துச் சொன்னதில் கிடைத்தது, படித்தவன் என்ற வசைதான்.

இதில் வியப்பு, அப்பாவின் அமைதி. போன வருடம் கொல்லைப்புறத்திலிருந்து இரண்டு பித்தளை அண்டாக்கள் காணாமல் போனபோது, நான்கு கேமராவும், அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி ஒன்றும் வைத்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். வாசல், திண்ணை, மாட்டுத்தொழுவம், கிணற்றடி என்று நான்கு இடத்திலும் மாட்டிய பிறகு, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு போனில் அதே திண்ணையைப் பார்ப்பது அவருடைய பகல்பொழுதாக இருந்தது. அப்படிப்பட்டவர், "சனிக்கிழமை ஒரு நாள்தானல, விட்டுத் தள்ளு" என்று சொன்னதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கேமரா மாட்டிய தென்காசித் தம்பிக்கு போன் செய்தால், "அண்ணாச்சி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதற்கு மேல் வார்த்தை வராது. அதிலும் தப்பு சொல்ல முடியவில்லை. அணைத்துப் போட்டதும் கேமரா வரத்தான் செய்தது. வந்த சிறிது நேரத்தில் மறுபடி போனது.

ஐந்தாவது வாரம் நானே லீவு போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை இரவே ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை மாலை வரை நான்கு கேமராவும் பழுதில்லாமல் ஓடின. ஆறே முக்காலுக்கு மாப்பிள்ளை நனைந்த குடையோடும் இரண்டு பொட்டலங்களோடும் வந்து, காலைக் கழுவி, காபியை வாங்கிக்கொண்டு, உள் அறையில் போனில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தார். ஐந்தாவது நிமிடம் அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "போயிட்டு!" அம்மா டிவிஆரின் சுவிட்சை அணைத்துப் போட்டாள். கேமரா வந்தது. உடனே உள் அறையிலிருந்து, "மச்சான், நெட் போயி" என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது. அவர் தம் போனில் வைஃபையை அணைத்துப் போட்டார். நெட் வந்தது. "மறுபடியும் போயிட்டு!" என்றாள் அம்மா. ஒரு கிணற்றில் இரண்டு வாளி கட்டி இறைப்பதுபோல, ஒன்று மேலே வந்தால் மற்றது கீழே போயிற்று. உங்கள் வீட்டு நெட் சரியில்லை என்று மாப்பிள்ளையும், எங்கள் நேரம் சரியில்லை என்று அம்மாவும் நான்கு வாரமாகத் தனித்தனியே வருந்தியிருக்கிறார்கள்.

நான் முதலில் டிவிஆரை நேரடியாக டிவியோடு இணைத்துப் பார்த்தேன். நான்கு கட்டங்களிலும் படம் தெளிவாக ஓடியது. ஆகவே கேமராவிலும் குறையில்லை, டிவிஆரிலும் குறையில்லை. அங்கிருந்து போனுக்குப் போகிற பாதைதான் எங்கோ அடைபட்டிருக்கிறது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எங்களுடையதைப் போன்ற கேமராக்களின் படம் தனிக் கேபிளில் டிவிஆருக்கு வந்து உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கில் பதிவாகிவிடும். அதற்கு இன்டர்நெட்டே வேண்டாம். வெளியிலிருந்து பார்ப்பதற்குத்தான் அது தேவை. அப்படியானால் கேமரா செத்துக் கிடந்ததாக நாங்கள் நம்பிய நான்கு சனிக்கிழமைகளும் பதிவாகியிருக்க வேண்டுமே என்று, முந்தைய வாரத்துப் பதிவைத் திறந்தேன்.

இரவு ஒன்பதே முக்கால். திண்ணை. இருட்டில் கேமரா அகச்சிவப்பு ஒளியில் எடுப்பதால் எல்லாம் கறுப்பு வெள்ளையாக இருந்தது. மாப்பிள்ளை அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு பொட்டலத்தை நீட்டுகிறார். பூனைக்கு மின்னுவதுபோல இரண்டு கண்களும் வெள்ளையாக மின்ன, சர்க்கரை நோய்க்கு இரண்டு வேளை மாத்திரை விழுங்கும் என் தந்தையார், வெல்லப்பாகு பூசிய நேந்திரங்காய்த் துண்டுகளான சர்க்கரைவரட்டியை ஒவ்வொன்றாக வாயில் போடுகிறார். பதினொன்று வரை எண்ணினேன். பிறகு வேட்டியை உதறி, வாயைத் துடைத்து, பொட்டலத்தாளை நான்காக மடித்துத் திண்ணைத் தூணுக்குப் பின்னால் செருகினார்.

தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பா நின்றுகொண்டிருந்தார். "என்னல தெரியுது?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள். "சாரல் அடிக்குதும்மா" என்றேன். அப்பா என் தோளில் கை வைத்து, பட்டம் வாங்கிய அன்றுகூடக் கொடுக்காத ஓர் அழுத்தம் கொடுத்தார்.

இனிப் பழுதுக்கு வருகிறேன். டிவிஆரின் பின்புறம் கேபிள் சொருகும் இடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஆரஞ்சு விளக்கு மின்னியது. அதனால் கேபிள் சரி. தென்காசித் தம்பி டிவிஆருக்கு 192.168.1.108 என்ற ஐபி முகவரியை, அதாவது வீட்டு நெட்டில் அதற்கான கதவு எண்ணை, நிலையாகப் போட்டிருந்தான். லேப்டாப்பிலிருந்து அந்த முகவரிக்கு, 'இருக்கிறாயா?' என்று கேட்கும் பிங் அனுப்பினேன்; பதில் வந்தது. ஆனால் ஒரு பதில் 5 மில்லி செகண்டிலும் அடுத்தது 200 மில்லி செகண்டிலும் என்று குடிகாரன் நடையில் வந்தது. கம்பியில் கட்டிப்போட்ட பெட்டி இப்படித் தள்ளாடாதே என்று, டிவிஆரிலிருந்து கேபிளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் பிங் அனுப்பினேன். பதில் வந்துகொண்டே இருந்தது.

கேபிள் என் கையில் இருக்கிறது. 108 இன்னும் பேசுகிறது. பெரியம்மா சொன்ன எள் தீபத்தைப் பற்றி ஒரு கணம் யோசித்தேன் என்பதை மறைப்பதில் பயன் இல்லை. பிறகு லேப்டாப்பில், எந்த முகவரியில் எந்தக் கருவி என்று காட்டும் ஏஆர்பி பட்டியலை எடுத்து, அந்த முகவரியில் இருக்கும் கருவியை அடையாளம் காட்டும் பன்னிரண்டு எழுத்து மேக் எண்ணை டிவிஆரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரோடு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. வீட்டில் இருந்த ஒவ்வொரு போனாக வாங்கி வைஃபை விவரத்தைப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில்தான், மரியாதை கருதி, மாப்பிள்ளையின் போனைக் கேட்டேன். 192.168.1.108. மேக் எண்ணும் அதுவே.

நடந்தது இதுதான். சித்திரையில் இடி இறங்கிப் பழைய ரூட்டர் எரிந்துபோனதால் புதியது வாங்கி, அதற்கு ஒரு சின்ன பேட்டரியும் வைத்தோம், டிவிஆருக்கு வைக்கவில்லை. ஆனி முதல் சனிக்கிழமை காற்றில் கிளை முறிந்து கரண்ட் போயிருந்த நேரத்தில் வந்த மாப்பிள்ளை, இருட்டிலேயே வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார். டிவிஆர் தூங்கிக்கொண்டிருந்தது. தம்பி 108-ஐ டிவிஆருக்குள் எழுதினானே தவிர, அதை ரூட்டருக்குச் சொல்லவில்லை. எண்களை வழங்கும் ரூட்டர் 108 காலி என்று நம்பி, அதை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டது. கரண்ட் வந்ததும் டிவிஆர் தன் பழைய எண்ணிலேயே எழுந்து உட்கார்ந்தது. போன்களுக்கு ஒரு குணம் உண்டு. பழகிய வைஃபைக்குத் திரும்பி வரும்போது போன தடவை வாங்கிய எண்ணையே கேட்கும். வேறு யார் பெயரிலும் எழுதியிருக்கவில்லை என்றால் ரூட்டரும் கொடுத்துவிடும்.

நூறு நாள் வேலையில் "இசக்கியம்மாள்" என்று பெயர் கூப்பிட்டால் இரண்டு பேர் கை தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரூட்டரும் அப்படித்தான், "108 யார்?" என்று கூவும், கடைசியாகக் குரல் கொடுத்தவருக்கே தபால் போகும். அம்மா டிவிஆரை அணைத்துப் போட்டால் டிவிஆரின் குரல் கடைசி. மாப்பிள்ளை வைஃபையை அணைத்துப் போட்டால் அவர் குரல் கடைசி. இந்த முகவரி வரிசையில் பயன்படுத்தக்கூடிய எண்கள் 254. எங்கள் வீட்டில் நெட்டில் இருப்பவை ஏழே பொருள்கள். அத்தனை எண்கள் சும்மா கிடக்க, உறவுமுறையில் பங்காளியே ஆக முடியாத மாப்பிள்ளை 108-க்குப் பங்காளியாகிவிட்டார்.

டிவிஆர் இதைச் சொல்லாமலும் இல்லை. அதன் நிகழ்வுப் பட்டியலில் ஒவ்வொரு சனிக்கிழமையும் 'ஐபி முரண்பாடு' என்று பதிவாகியிருந்தது. முதல் வாரம் பீப் பீப் என்று கத்தியும் இருக்கிறது. தூக்கம் கெடுகிறது என்று அப்பா தம்பிக்கு போன் செய்து, சத்தத்தை நிறுத்தும் வழியை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், அது தானாக வழங்கும் எண்களை 2 முதல் 99 வரை என்று சுருக்கினேன்; 100-க்கு மேல் உள்ளவை நாமே எழுதி வைப்பவைக்கு. மாப்பிள்ளையின் போனில் எங்கள் வைஃபையை மறக்கச் செய்து புதிதாகச் சேர்த்தேன், 14 கிடைத்தது. அன்றிரவு கிரிக்கெட்டும் ஓடியது, மாட்டுத்தொழுவமும் தெரிந்தது. எண்ணைக் கேட்டதும் பெரியம்மா, "108 சாமி நம்பர்லா, அதைப் போய் மாப்பிள்ளைகிட்ட இருந்து பிடுங்கிட்டியே" என்று கோபித்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு நான் திருநெல்வேலியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து போன் வந்தது. குரல் மிகவும் தணிந்திருந்தது. கிணற்றடியிலிருந்து பேசுவதாகச் சொன்னார். அங்கேயும் ஒரு கேமரா இருப்பதை நான் நினைவூட்டியதும், நகர்ந்து வேறெங்கோ நின்றுகொண்டு கேட்டார்:

"ஏல, அந்த 108-ஐ சனிக்கிழமை மட்டும் மாப்பிள்ளைக்கே திருப்பிக் கொடுத்திர முடியுமா?"