ஆற்றுக்குப் பொருந்தாத பள்ளத்தாக்கு

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடுவது என் தொழில். மழையளவு, நீர்ப்பிடிப்புப் பரப்பு, சரிவு, மண்ணின் தன்மை எல்லாம் கையில் இருந்தால், நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எவ்வளவு என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். இந்தக் கணக்குக்கு அடங்காத வெள்ளம் ஒன்று உண்டு. ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் அது வரும். உயர்ந்த மலைகளில் பனியாற்றை ஒட்டித் தேங்கிய ஏரி, தன் கரையை உடைத்துக்கொண்டு ஒரேயடியாக இறங்கும் வெள்ளம் அது.

புதிதாக ஒரு மலை ஆற்றின் வரைபடம் கைக்கு வந்தால், நான் முதலில் பார்ப்பது பள்ளத்தாக்குக்கும் ஆற்றுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்றுதான். இன்றைய ஆறு நகர்த்தவே முடியாத பாறைகள் அதன் நடுவில் கிடக்கின்றனவா? கரையில் தண்ணீர் எட்டவே முடியாத உயரத்தில் சரளைத் திட்டு இருக்கிறதா? இருந்தால், அந்தப் பள்ளத்தாக்கை உருவாக்கியதில் இந்த ஆற்றின் பங்கு கொஞ்சம்தான். வேறு ஏதோ ஒன்று வந்து, சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது.

ஏரி உடையும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது புரியும். பனியாறு பின்வாங்கும்போது, தான் தள்ளிக்கொண்டு வந்த கல்லையும் மண்ணையும் முன்னால் ஒரு மேடாக விட்டுவிட்டுப் போகிறது. மொரைன் என்பது அதுதான். அதற்குப் பின்னால் உருகிய நீர் தேங்கி ஏரியாகிறது. யாரும் கெட்டிப்படுத்தாத, மதகு இல்லாத, உள்ளே பழைய பனிக்கட்டி புதைந்து கிடக்கிற அணை அது. மேலிருந்து ஒரு பனிச்சரிவு ஏரிக்குள் விழுந்தால் போதும், எழும் அலை மேட்டைத் தாண்டும். தாண்டும் நீர் மேட்டை அரிக்கும், அரித்த இடத்தில் இன்னும் அதிக நீர் பாயும். மேடு ஆங்கில 'வி' வடிவில் பிளந்துவிடும். 1985 ஆகஸ்ட் 4இல் நேபாளத்தின் திக் த்ஷோ ஏரி உடைந்தது இப்படித்தான். கீழே கிட்டத்தட்ட முடியும் நிலையில் இருந்த நாம்சே சிறு நீர்மின் நிலையத்தை அது கொண்டுபோய்விட்டது.

பனியே அணையாக நிற்கும் ஏரியின் கதை வேறு. பனிக்கட்டி தண்ணீரைவிட இலேசு. ஏரியின் ஆழம் பனிச்சுவரின் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கும்போது, சுவர் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். அடியில் நீர் வழி தேடும். ஓடும் நீரின் உராய்வு வெப்பமே சுரங்கத்தின் சுவரை உருக்கும், சுரங்கம் அகலும், ஓட்டம் மேலும் கூடும். ஏரி காலியாகும் வரை இது நிற்காது. காலியான பிறகு பனியின் எடை சுரங்கத்தை மெல்ல மூடிவிடும். அப்புறம் ஏரி மறுபடி நிரம்பத் தொடங்கும். கிர்கிஸ்தானின் மெர்ட்ஸ்பாகர் ஏரி இப்படி அநேகமாக ஆண்டுதோறும் வடிகிறது.

இந்த இரண்டாவது வகை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியைப் பார்க்க வேண்டும். நான் செயற்கைக்கோள் படங்களில் அதிகம் அலைந்த நிலம் அது. காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் மண், இளம்பழுப்பு மேடுகளாக, வளமான வயல்களாகக் கிடக்கிறது. அதன் குறுக்கே கருப்புக் கோடுகள் ஓடுகின்றன, பிரிகின்றன, மறுபடி சேர்கின்றன. மண் முழுவதும் உரிக்கப்பட்டு, அடியிலிருக்கும் பசால்ட் என்ற எரிமலைப் பாறை வெளியே தெரியும் இடங்கள் அவை. பல கால்வாய்களில் இன்று ஓடும் தண்ணீரே இல்லை.

ஜே ஹார்லன் பிரெட்ஸ் 1922இல் இங்கே களஆய்வைத் தொடங்கினார். சியாட்டிலில் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்து, பிறகு நிலவியலாளரானவர். வறண்ட அருவிகள், பிரமாண்டமான சரளைத் திட்டுகள், பாறையில் குடைந்த குழிகள் எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிட்டு, இது ஒரே பெருவெள்ளத்தின் வேலை என்று 1923இல் எழுதினார். அந்தக் காலத்து நிலவியலில், நிலம் மெதுவாகத்தான் மாறும் என்பது கிட்டத்தட்ட சட்டம். 1927 ஜனவரியில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அவரைப் பேச அழைத்து, மூத்த அறிஞர்கள் வரிசையாக எழுந்து மறுத்தார்கள். அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இல்லை. பதில் மொன்டானாவில் இருந்தது. அங்கே பனியுகத்தில் மிசோலா என்ற பெரிய ஏரி இருந்ததை ஜோசப் பார்டீ 1910லேயே எழுதியிருந்தார். அதே பார்டீ 1942இல், அந்த ஏரியின் தரையில் இருந்த காமஸ் பிரேரியில் பத்து மீட்டர் அளவுக்கு உயரும் சரளை அலைத் தடங்களை விவரித்தார். ஓடையின் அடியில் விரல் உயரத்தில் நாம் பார்க்கும் அதே வரிகள்! ஒவ்வொன்றும் ஒரு மேடு. தரையில் நின்று பார்த்தால் வெறும் குன்றுதான் தெரியும், அது அலை என்பது உயரத்திலிருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

மிசோலா ஏரியை அடைத்து நின்றது சுமார் 600 மீட்டர் உயரப் பனிச்சுவர். பின்னால் 2,000 கன கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர். அது உடைந்தபோது உச்ச ஓட்டம் நொடிக்கு ஒரு கோடி கன மீட்டருக்குக் குறையாது என்பது கணக்கு. அமேசானின் சராசரி ஓட்டம் நொடிக்கு இரண்டு லட்சம் கன மீட்டர் அளவில் இருக்கிறது. அதைப்போல ஐம்பது மடங்கு! என் தொழிலில் எழுதும் எண்களோடு ஒப்பிட்டால் எனக்கு இன்னும் மூச்சு நின்றுபோகிறது. அதுவும் ஒருமுறை மட்டுமல்ல. வெள்ளம் விட்டுச்சென்ற வண்டல் அடுக்குகளை எண்ணிப் பார்த்தவர்கள், பல ஆயிரம் ஆண்டுகளில் பல பத்து தடவை ஏரி நிரம்பி உடைந்தது என்று கண்டார்கள். ஒரே வெள்ளம் என்று பிரெட்ஸ் சொன்னது மட்டும்தான் திருத்தப்பட்டது.

அவ்வளவு நீர் பாறையை எப்படி வெட்டும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சாதாரண ஆறு மணலைக் கொண்டு பாறையை உரசுகிறது. இது பிடுங்கியது. பசால்ட் எரிமலைக் குழம்பு குளிரும்போது தூண் தூணாக விரிசல் விடும். ஆழமான, வேகமான நீரில் செங்குத்தாக எழும் சுழல்கள் அந்தத் தூண்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தன. டிரை ஃபால்ஸ் என்ற இடத்தில் 120 மீட்டர் உயர விளிம்பு 5 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அப்போது அங்கே நின்று பார்த்திருந்தால் அருவி என்றே தோன்றியிருக்காது. விளிம்புக்கு மேலேயே பல பத்து மீட்டர் தண்ணீர் ஓடியது. அடியில் பாறை பிடுங்கப்பட்டு, விளிம்பு பின்னோக்கி நகர்ந்துகொண்டே போனது.

1965இல் பன்னாட்டு ஆய்வாளர்கள் குழு ஒன்று இந்த நிலத்தை நேரில் பார்த்துவிட்டு பிரெட்ஸுக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பியது. 1979இல் அமெரிக்க நிலவியல் கழகத்தின் பென்ரோஸ் பதக்கம் கிடைத்தபோது அவர் தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தார். கால்வலிக்க நடந்து பார்த்த ஒருவரை, நேரில் வந்து பார்க்காதவர்கள் அத்தனை ஆண்டுகள் மறுத்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

இதெல்லாம் பனியுகத்தோடு முடிந்த கதை என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். ஐஸ்லாந்தில் 1996 செப்டம்பர் இறுதியில் வாட்னாயோகுல் பனிப்படலத்தின் அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் ஐந்து வாரம் சேர்ந்து, நவம்பர் 5 அன்று வெளியே பாய்ந்தது. எதிர்பார்த்துக் காத்திருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் நெடுஞ்சாலைப் பாலம் போனது. வெள்ளம் சமவெளியில் விட்டுப்போன வீடளவு பனிக்கட்டிகள் சில மணலில் புதைந்து, உருகி, வட்டமான குழிகளாயின.

அப்புறம் சிக்கிம். 2023 அக்டோபர் 3 இரவு, 5,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் தெற்கு லோனாக் ஏரிக்குள் பக்கவாட்டு மொரைன் சரிவு ஒன்று அப்படியே இடிந்து விழுந்தது. எழுந்த அலை முன்கரையை உடைத்தது. ஏரியிலிருந்து வெளியேறிய நீர் சுமார் 5 கோடி கன மீட்டர். கீழே சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் கட்ட மின்திட்டத்தின் அணை இல்லாமல் போனது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், இன்னும் பலர் கிடைக்கவே இல்லை.

பிறகு வந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த எண் வேறு. அந்த வெள்ளம் வழியெல்லாம் அரித்து எடுத்த கல்லும் மண்ணும் சுமார் 27 கோடி கன மீட்டர். இறங்கிய தண்ணீரைப்போல ஐந்து மடங்குக்கு மேல்! கரைகளை அடியில் அரித்ததால் இரு பக்கமும் மலைச்சரிவுகள் இடிந்து ஆற்றுக்குள் வந்தன. கீழே வேகம் குறையும் இடத்தில் அத்தனையும் படிந்தது. தீஸ்தா ஆற்றின் படுகை பல இடங்களில் மீட்டர் கணக்கில் உயர்ந்துவிட்டது. 2024 மழைக்காலத்தில், முன்பு ஆற்றுக்குள் அடங்கியிருக்கக்கூடிய நீரே தீஸ்தா பஜாரில் சாலைக்கும் வீடுகளுக்கும் ஏறியது.

ஆகவே அந்த ஆற்றுக்குப் பழைய குறுக்குவெட்டு அளவுகளை வைத்து இனி எந்தக் கணக்கும் போட முடியாது. படுகையை மறுபடி அளக்க வேண்டும், ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் அளக்க வேண்டும். மேலே எத்தனை ஏரிகள் வளர்கின்றன என்று பார்ப்பதோடு, நீர்மட்டத்தை இறக்கும் வேலையும் நடக்க வேண்டும். நேபாளத்தில் 2016இல் இம்ஜா ஏரியில் கால்வாய் வெட்டி நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்கு மேல் குறைத்தார்கள். 5,000 மீட்டர் உயரத்தில் மனிதர்கள் செய்த வேலை அது.