ஐசிங்கா யூசர் டெம்ப்ளேட்டை ஆன்சிபிள் வழியாக அமைத்த அனுபவம்

ஐசிங்கா சர்வர்களைக் கண்காணித்து எச்சரிக்கும் மென்பொருள். அதன் அமைப்புகளைத் திரையில் உருவாக்க உதவும் பகுதி டைரக்டர். எச்சரிக்கை பெறவேண்டிய ஆட்களை (யூசர்களை) ஐசிங்கா டைரக்டரில் ஒவ்வொருவராகக் கையால் சேர்ப்பது பத்துப் பேர் வரை தாங்கும். அதற்குமேல் ஒருவருக்கு டைம் பீரியட் (எச்சரிக்கை போகவேண்டிய நேரம்) விட்டுப்போகும், இன்னொருவருக்கு நோட்டிஃபிகேஷன் அணைந்தே கிடக்கும். டெலிகாம் எம்.எம்.எஸ். வெளியிட்டிருக்கும் ஆன்சிபிள் (அமைப்பு வேலைகளைத் தானாகச் செய்யும் கருவி) கலெக்‌ஷனில் யூசர் டெம்ப்ளேட்டுக்கென்றே, அதாவது பல யூசர்களுக்குப் பொதுவான அச்சுக்கென்றே, ஒரு மாட்யூல் உண்டு. வேலையை அதனிடம் விட்டாயிற்று.

ஆன்சிபிளுக்கு வேலைகளைச் சொல்லும் கோப்பான பிளேபுக்கில் வரிசை முக்கியம். முதலில் டைம் பீரியட், அடுத்து யூசர் டெம்ப்ளேட், கடைசியில் யூசர். டெம்ப்ளேட் இல்லாமல் அதை இம்போர்ட் செய்யும் (அதன் மதிப்புகளைப் பெறும்) யூசரை அனுப்பினால் டைரக்டர் ஏற்காது. ஆன்சிபிள் டைரக்டருக்குள் நுழையும் ஏபிஐ கணக்கின் கடவுச்சொல்லை வால்ட்டில் (ஆன்சிபிளின் மறையாக்கப் பெட்டகத்தில்) வையுங்கள்.

டெம்ப்ளேட்டில் எழுதவேண்டியது கொஞ்சம்தான்: பீரியட், நோட்டிஃபிகேஷன் இயக்கம், அவ்வளவே. மின்னஞ்சலுக்கும் அங்கே இடம் இருக்கிறது, ஆனால் நிரப்பாதீர்கள். நிரப்பிவிட்டு யூசரில் முகவரி எழுத மறந்தால் பிழை எதுவும் வராது. டெம்ப்ளேட்டின் முகவரிக்கே எல்லா எச்சரிக்கையும் சத்தமில்லாமல் போய்ச்சேரும். இரண்டு டெம்ப்ளேட்டுகளை இம்போர்ட் செய்தால் பட்டியலில் பின்னால் வருவதன் மதிப்பே நிற்கும்.

அப்பெண்ட் என்ற தேர்வு பெயரால் ஏமாற்றும். அது அணைந்திருந்தால், மாட்யூல் மாற்றம் செய்யும்போது பொருளையே முழுதாக மாற்றி எழுதுகிறது. யாரோ திரையில் கையால் சேர்த்தது போய்விடும். இயக்கினால் நீங்கள் குறிப்பிட்ட பண்புகளும் மாட்யூலில் இயல்பு மதிப்பு உள்ள பண்புகளும் மட்டும் மாறும். ஆனால் அப்போதும் இம்போர்ட் போன்ற பட்டியல்களில் ஒன்றைக் கூட்ட முடியாது. பட்டியலை முழுதாகத்தான் தரவேண்டும். எங்கள் கருத்தில் அணைத்து வைப்பதே நல்லது. திரையில் செய்த திருத்தம் அழிந்தால்தான் பிளேபுக்கில் எழுதும் பழக்கம் வரும்.

பிளேபுக் பச்சையாக முடிந்தாலும் மாற்றம் டைரக்டரின் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. டெப்ளாய் செய்தால்தான், அதாவது அமைப்பை அனுப்பி நடைமுறைக்குக் கொண்டுவந்தால்தான், ஐசிங்காவுக்குத் தெரியும். மாற்றம் நடந்தால் மட்டும் ஓடும் ஹேண்ட்லராக அதை வைத்தோம். டெப்ளாய் தோற்றால் பெரும்பாலும் பெயர் மோதலே காரணம். நிறுவும்போதே வரும் கான்ஃப்-டி கோப்புறையில் ஜெனரிக்-யூசர் என்ற டெம்ப்ளேட் இருக்கிறது. அதே பெயரை டைரக்டரிலும் உருவாக்கினால் ஏற்கெனவே இருப்பதாகச் சொல்லி ஐசிங்கா மறுக்கும். பழைய அமைப்பு தொடர்ந்து ஓடுவதால் யாரும் கவனிக்கமாட்டார்கள். பெயருக்கு முன்னொட்டு வைத்தால் தீர்ந்தது.

அதிகம் தலைவலி தருவது எந்த எச்சரிக்கை போகலாம் என்று தீர்மானிக்கும் வடிகட்டிகள்தான். நோட்டிஃபிகேஷனில் ஒன்று, யூசரில் ஒன்று. இரண்டையும் தாண்டினால்தான் மடல் போகும். "கிரிட்டிகல் மட்டும் போதும்" என்று நிலைகளில் அதை மட்டும் வைத்தால், சரியானபின் வரவேண்டிய ரிக்கவரி மடல் நின்றுவிடும். அதற்கு ஓகே நிலையும் பட்டியலில் வேண்டும். ஹோஸ்டுக்கு அப் நிலை. பிரச்சினை மடலே போகாத யூசருக்கு ரிக்கவரியும் போகாது. ஆகவே யூசரில் வடிகட்டியைக் காலியாக விட்டு, நோட்டிஃபிகேஷன் டெம்ப்ளேட்டில் மட்டும் வைத்தோம்.

சோதிக்கும்போது ஐசிங்கா வெப்பிலிருந்து கஸ்டம் நோட்டிஃபிகேஷனை "ஃபோர்ஸ்" குறியோடு அனுப்பிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அந்தக் குறி பீரியடையும் வடிகட்டியையும் தாண்டிவிடுகிறது, மின்னஞ்சல் ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. சோதனை சர்வீஸ் ஒன்றுக்கு கிரிட்டிகல் முடிவை பாசிவாக (ஐசிங்கா தானே சோதிக்காமல், வெளியிலிருந்து) அனுப்புங்கள். முயற்சி எண்ணிக்கை இயல்பாக 3 என்பதால் மூன்று முறை, இடையில் வழக்கமான செக் புகுந்து ஓகே சொல்லிவிடாதபடி அடுத்தடுத்து அனுப்பவேண்டும். பிரச்சினை உறுதியான ஹார்ட் நிலைக்கு வந்தபின்தான் மடல் கிளம்பும். பிறகு ஓகே அனுப்பி ரிக்கவரி மடலும் வருகிறதா என்று பாருங்கள்.