ஹெச்.ஆர்.காரருக்கு யார் இருக்கிறார்கள்?

ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றாலும் நானும் சம்பளக் கணக்கு பார்க்கும் ஒரு பெண்ணும்தான். தொழிலாளிகளுக்கு நான் நிர்வாகத்தின் ஆள். நிர்வாகத்துக்கோ தொழிலாளிகளுக்குப் பரிந்து பேசுகிறவன். கேண்டீனில் தட்டோடு போய் உட்கார்ந்தால், ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்று, யாராவது கிரிக்கெட்டை எடுப்பார்கள். அதெல்லாம் பழகிவிடும்.

பழகாதது வேறு. ஆர்டர் குறைந்த ஒரு வருடம் ஆள்குறைப்புப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் பெயர் இருந்த ஒருவர் என்னிடம் வந்து வீட்டுக்கடனுக்குச் சம்பளச் சான்றிதழ் கேட்டார். மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, தை பிறந்ததும் கடைக்கால் போடணும் என்றார். பட்டியல் முடிவாகவில்லை, வாய் திறக்கவும் கூடாது. சான்றிதழை அச்செடுத்து, முத்திரை வைத்துக் கொடுத்தேன். வீட்டிலும் சொல்ல முடியாது. மனைவியின் தோழியுடைய கணவர் அதே ஷிஃப்டில் இருக்கிறார். கடைசிப் பட்டியலில் சான்றிதழ் வாங்கியவர் பெயர் வரவில்லை. ஆனால் அதுவரை அவர் எதிரே வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

பாலியல் துன்புறுத்தல் புகார் வந்தால் இன்னும் கடினம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி புகார் கொடுத்தவர் யார், யார்மேல் புகார், விசாரணையில் என்ன நடந்தது, எதையும் வெளியிடக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு அதுதான் பாதுகாப்பு. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் விசாரணை முடிய 90 நாள் வரை ஆகலாம். அத்தனை நாளும் இரு தரப்பையும் பார்த்து ஒரே மாதிரி வணக்கம் சொல்ல வேண்டும்.

ஹெச்.ஆர்.ல இருக்கிறவனுக்கு சிநேகிதமே கூடாது என்று சீனியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பெனிக்குள் எல்லாவற்றையும் கொட்ட முடியாதுதான். ஆனால் பேச ஆளே இல்லாதவர் மெல்ல இறுகிப்போகிறார். எதிரில் நிற்பவர் மனுஷனாகத் தெரியாமல் ஃபைலாகத் தெரிய ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு வழி கிடைத்தது, தொழிலாளிகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐ விஷயம் ஒன்றில். 2017 முதல் அதற்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். இன்க்ரிமெண்ட் வந்தால் ஒரு தொழிலாளி அதைத் தாண்டிவிடுவார். அவருடைய அம்மாவுக்கு ஈஎஸ்ஐயில்தான் டயாலிசிஸ் நடக்கிறது. "சார், எனக்கு இன்க்ரிமெண்ட்டே வேண்டாம்" என்று வந்து நின்றார். நடுவில் வரம்பைத் தாண்டினாலும் செப்டம்பர் அல்லது மார்ச்சில் அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை சந்தா தொடரும். அதற்கு அப்புறம்? மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று கேட்க, பக்கத்துத் தொழிற்சாலையில் ஹெச்.ஆர். பார்க்கும் ஒரு அக்காவுக்கு போன் போட்டேன். பெயரைச் சொல்ல வாயெடுத்ததுமே, "தம்பி, யாருன்னு சொல்லாதீங்க. விஷயத்தை மட்டும் சொல்லுங்க" என்றார். குழுக் காப்பீட்டில் பெற்றோரையும் சேர்க்க நிர்வாகத்திடம் எப்படிப் பேசுவது என்று விலாவாரியாகச் சொன்னார்.

அந்த ஒரு வரிதான் இப்போது எங்கள் விதி. சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் நாலைந்து பேர் கூடுகிறோம். பெயர் கிடையாது, டிபார்ட்மெண்ட் கிடையாது. வேலையைவிட்டு நீக்கும் கடிதத்தை நேரில் கொடுத்த அன்று எப்படி இருந்தது, தொழிலாளர் துறை அதிகாரி முன் நடக்கும் சமரசப் பேச்சுவார்த்தையில் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினால் எப்படித் தூங்குவது, இதைத்தான் பேசுகிறோம். கேட்கிறவருக்கும் அது நடந்திருக்கும் என்பதால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கம்பெனிக்குள்ளேயும் ஒன்றை மாற்றினேன். நான் உற்பத்திக் கூடத்துக்குள் போனாலே கையில் மெமோ இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள், பெரும்பாலும் இருந்தது. இப்போது இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கும்போது கையில் காகிதம் இல்லாமல் ஒரு சுற்று வருகிறேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள். இப்போது பையனின் கல்லூரிச் சேர்க்கை, ஊர்த் திருவிழா என்று அவர்களாகவே பேசுகிறார்கள்.

சின்ன யூனிட்களில் ஹெச்.ஆர்., டைம் ஆபீஸ், கேண்டீன் கணக்கு எல்லாம் ஒரே ஆள் தலையில். அவர்களால் சனிக்கிழமை வர முடிவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.